இலை வண்ண அட்டை: சாயப்பட்டறைக் கண்ணோடு ஒரு மதிப்புரை

நெல்லுக்கு யூரியா எப்போது போடுவது என்று சொல்லித் தரும் பொருள்களில் இதைவிட மலிவானது எதுவும் இதுவரை என் கையில் வந்ததில்லை. இரண்டு பேர் ஓட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிடும் காசுக்குள் முடிந்துவிட்டது. சட்டைப் பையில் வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டை. மஞ்சள் ஓடிய வெளிர் பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரைக்கும் ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பேட்டரி இல்லை, பட்டன் இல்லை. நெல் இலையை அதன்மேல் வைத்து, எந்தக் கட்டத்தோடு நிறம் ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பயன்பாட்டு முறை. ஆனால் அந்த "ஒத்துப்போகிறதா" என்ற கேள்வியில் எத்தனை வில்லங்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதுதான் என் பழைய பிழைப்பு.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் வைக்கிறேன். அதற்கு முன்னால் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கும் வேலை. பையர் அனுப்பிய துணித்துண்டையும் நாங்கள் சாயம் ஏற்றிப் பார்த்த மாதிரித் துண்டான லேப் டிப்பையும் லைட் பாக்ஸுக்குள் ஒட்டினாற்போல வைத்து, "பாஸ்", "மஞ்சள் தூக்கல்", "ஆழம் பத்தாது" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் திரும்பிய கூட்டத்தில் நானும் ஒருத்தன். பட்டறைகள் பிறகு திறந்தன. நான் திரும்பிப் போகவில்லை. "பச்சையைப் பாக்கறதுக்கு அங்க மாசமானா சம்பளம் குடுத்தாங்க, இங்க சும்மா பாத்துட்டு நிக்கறீங்க" என்று வீட்டில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு.

அதனால் இந்த அட்டையை நான் விவசாயியாகப் பார்ப்பதற்கு முன் ஷேடு கார்டாகத்தான் பார்த்தேன்.

ஷேடு கார்டாக இது தேறுமா? தேறும், சில குறைகளோடு. கட்டங்களின் மேல் நெல் இலையின் நரம்பு மாதிரியே நீளவாக்கில் வரி வைத்திருக்கிறார்கள். அழகுக்குச் செய்ததாக முதலில் நினைக்கத் தோன்றும். உண்மையில் அது நல்ல வேலை. வழவழப்பான பரப்பையும் வரியோடிய பரப்பையும் பக்கத்தில் வைத்தால், ஒரே சாயமாக இருந்தாலும் ஒன்று ஆழமாகவும் மற்றது வெளுத்தும் தெரியும். பட்டறையில் பனியன் துணிக்குப் போட்ட ஷேடை ரிப் காலரோடு ஒப்பிடும்போதெல்லாம் இந்தத் தகராறு வரும். அட்டைக்காரர்கள் அதை யோசித்திருக்கிறார்கள்.

இதன் பூர்வீகம் ஜப்பான். அங்கே உருவான மாதிரியை வைத்து, பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் அந்த நாட்டின் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் 1990-களில் ஆசிய விவசாயிகளுக்கு ஏற்றபடி ஆறு கட்ட அட்டையைக் கொண்டுவந்தன. பின்னால் நான்கு கட்டத்தில் ஒரு திருத்திய அட்டையும் வந்தது. அதில் நிறம் மட்டும் ஒத்துப்போனால் போதாது, ஒளி பட்டுத் திரும்பும் விதமும் உண்மையான நெல் இலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டிருக்கிறார்கள். சாயப்பட்டறைக்காரனுக்கு இது உடனே புரியும். இரண்டு துணி பகல் வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒரே பச்சையாக இருக்கும். கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோனால் ஒன்று பழுப்பு அடிக்கும். மெட்டாமெரிசம் என்போம். சாயத்தின் கூட்டு வேறாக இருந்தால் இதுதான் கதி. இலையில் இருப்பது பச்சையம், பிளாஸ்டிக்கில் இருப்பது கடையில் வாங்கிய நிறமி. எவ்வளவு பொருத்தினாலும் எல்லா வெளிச்சத்திலும் இரண்டும் ஒன்றாக இருக்கச் சம்மதிக்காது. அதற்காகத்தான் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெயில் படாமல் உங்கள் உடம்பு நிழலில் வைத்து, ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்க்கச் சொல்கிறார்கள். பலர் இந்த விதிகளைச் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விட்டால் அட்டைக்கு வேலையே இல்லை. சாயங்கால மஞ்சள் வெயிலில் பார்த்தால் எல்லா இலையும் அரைக் கட்டம் வெளுத்துத்தான் தெரியும்.

குறை என்னவென்றால், எல்லா அட்டையும் ஒரே அட்டை இல்லை. என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று வேளாண்மைப் பல்கலைக்கழக வழியாக வந்தது, மற்றது ஓர் உரக்கடையில் இலவச இணைப்பாகக் கொடுத்தது. இரண்டின் நான்காம் கட்டத்தையும் சேர்த்து வைத்தால், பட்டறையாக இருந்தால் லாட்டையே ரிஜெக்ட் செய்திருப்பேன். இலவச அட்டையின் நான்கு, மற்றதன் மூன்றரைக்குத்தான் சரி. அதை நம்பினால் பசியோடு நிற்கும் பயிரை வயிறு நிறைந்தது என்று சொல்லிவிடும். வாங்கும்போது யார் போட்டது என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, இலையின் நிறத்துக்கும் தழைச்சத்துக்கும், அதாவது நைட்ரஜனுக்கும், என்ன உறவு? பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு, அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நான்கு நைட்ரஜன் அணுக்கள். நைட்ரஜன் இல்லாமல் பச்சை இல்லை. ஆனால் இலையிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு பச்சையத்துக்குள் இல்லை. வெயிலைச் சோறாக்கும் வேலையைச் செய்யும் புரதங்களில்தான் இருக்கிறது. அந்தப் புரதங்களைக் கண்ணால் பார்க்க முடியாது. அவை கூடினால் பச்சையமும் கூடும், குறைந்தால் குறையும் என்பதால் பச்சையை வைத்து மற்றதைக் கணிக்கிறோம். பயிருக்குப் பற்றாக்குறை வந்தால் அடி இலையிலிருந்து நைட்ரஜனை உருவி மேலே தளிருக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலை முதலில் பழுக்கும். மேலே முழுதாக விரிந்த இலையே வெளுக்கத் தொடங்கிவிட்டது என்றால் கையிருப்பு தீரப்போகிறது என்று அர்த்தம். அட்டையை அந்த மேல் இலையில் வைத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

முறை இதுதான். நடவு வயலில் நட்ட 14-ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பு என்றால் விதைத்த 21-ஆம் நாளிலிருந்து தொடங்க வேண்டும். கதிர் வரும் வரை வாரம் ஒரு தடவை. வயலில் அங்கங்கே பத்துக் குத்துகளைப் பிடித்து, முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையின்மேல் வைக்க வேண்டும். இலையைக் கிள்ளக் கூடாது. இரண்டு கட்டத்துக்கு நடுவில் நின்றால் மூன்றரை, நாலரை என்று எடுத்துக்கொள்ளலாம். பத்தில் ஆறு இலையோ அதற்கு மேலோ குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போனால் யூரியா. இல்லையென்றால் வீட்டுக்குப் போய் வேறு வேலை. அந்த எண், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, பெரும்பாலான ரகங்களுக்கு 4. வெள்ளைப் பொன்னி மாதிரித் தழைச்சத்துக்கு அவ்வளவாக முகம் கொடுக்காத ரகங்களுக்கு 3. கோ 51 வைத்த வயலில் நான்கைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பொன்னி வயலுக்குப் போனால் கை தானாக யூரியா மூட்டைக்கு நீளும். பொன்னி உயரமாக வளர்வது. அதை நான்கு வரை ஏற்றினால் காற்றடித்த அன்றைக்குப் படுத்துக்கொள்ளும்.

அட்டை இல்லாதவர்களுக்கு வழக்கமான சிபாரிசு, தழைச்சத்தை நான்கு சம பங்காகப் பிரித்து அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று போடுவது. தப்பான யோசனை இல்லை. ஆனால் வயல் வயலுக்கு வித்தியாசம் இருக்கிறது. முந்தின பட்டத்தில் தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலும், ஆட்டுப்பட்டி போட்ட வயலும், ஒன்றுமே போடாத வயலும் ஒரே தேதியில் ஒரே பசியோடு நிற்காது. என் வயலிலேயே வாய்க்கால் மடைக்குப் பக்கத்துப் பாத்தி எப்போதும் ஒரு கட்டம் முன்னால் இருக்கும். அட்டை வந்த பிறகு அந்தப் பாத்தியை ஒதுக்கிவிட்டு மற்றதற்கு மட்டும் வீசுகிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். தினமும் வயலைப் பார்க்கிற எங்களுக்கு இந்த அட்டை எதற்கு என்று கேட்கிறவர்கள் நிறைய. அனுபவப்பட்ட கண் போதாதா?

போதாது என்பது என் கட்சி, அதுவும் கண்ணை வைத்துச் சம்பாதித்தவனாகச் சொல்கிறேன். கோபியைச் சின்னக் கோடம்பாக்கம் என்பார்கள். இந்தப் பச்சைக்காகவே பல படப்பிடிப்புகள் இங்கே நடந்திருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர் வரப்பில் நின்று "ஆஹா" என்கிறார். எங்கள் யாருக்கும் அந்த "ஆஹா" வருவதில்லை. பச்சைமலை முருகன் கோயில் படியேறித் திரும்பிப் பார்த்தால் நாலாபக்கமும் நெல். சாமி கும்பிட வந்த உள்ளூர்க்காரர் அந்தப் பக்கம் திரும்பாமலேயே இறங்கிப் போய்விடுவார். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதா என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. வயல் கொஞ்சம் வெளுத்தால் எங்களுக்கு மனசு கேட்காது. அதாவது ரசிப்பு போய்விட்டது, பிடித்தம் மட்டும் தங்கிவிட்டது.

இதைப் பற்றி மனவியல்காரர்கள் நிறையச் சோதித்திருக்கிறார்கள். 1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்பவர் அர்த்தமில்லாத சொற்களையும், சீன எழுத்து போன்ற குறிகளையும், முன்பின் தெரியாத முகங்களின் படங்களையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு தடவை, சிலவற்றைப் பல தடவை. அதிகம் காட்டியவை அதிகம் பிடித்திருந்தன. அதில் அழகு என்று தனியாக எதுவும் இல்லை, பழக்கம் ஒன்றே போதுமானதாக இருந்தது. பின்னால் வந்தவர்கள் இன்னொரு பக்கத்தையும் காட்டினார்கள். அளவுக்கு மீறிக் காட்டினால் பிடித்தம் ஏறி நின்று, பிறகு இறங்கத் தொடங்கும், அலுப்பு வந்துவிடும். டேனியல் பெர்லைன் என்ற ஆய்வாளர் 1970-களில் இதைப் புதுமை, சிக்கல் இரண்டையும் வைத்து விளக்கினார். ரொம்ப எளிமையானது சீக்கிரம் அலுக்கும், கொஞ்சம் சிக்கலானது மெதுவாகப் பிடிபட்டு நிற்கும். 2013-ல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியம். தாமஸ் கின்கேட் என்ற அமெரிக்க ஓவியரின், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் போட்ட படங்களை மாணவர்களுக்கு வகுப்பில் திரும்பத் திரும்பக் காட்டியபோது பிடித்தம் கூடாமல் குறைந்தது. மில்லே என்ற 19-ஆம் நூற்றாண்டு ஓவியரின் படங்களுக்கு அப்படி ஆகவில்லை. பார்க்கப் பார்க்கப் பிடிப்பது, பார்க்கப் பார்க்கத் தெவிட்டுவது இரண்டும் உண்டு. எது எந்தப் பக்கம் போகும் என்பது பார்க்கப்படுகிற பொருளையும் பொறுத்தது.

இதைப் படித்தபோது எனக்கு வயலில் யூரியா வீசுவதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்த நெல், யூரியா போட்ட நெல். அந்தக் கருகரு பச்சைதான் கண்ணுக்குப் பழகியது, அதனால் அதுதான் பிடித்தது, பிடித்ததால் அதுதான் "நல்ல வெள்ளாமை" ஆகிவிட்டது. எங்க அய்யன் சின்ன வயதில் ஆவாரையும் கொழிஞ்சியும் வெட்டிவந்து சேற்றில் மிதித்து நட்ட காலத்து வயல் இத்தனை கறுப்பாக இருந்ததில்லை என்று அவரே சொல்வார். பயிருக்கு எது போதும் என்ற கேள்வி போய், நம் கண்ணுக்கு எது நிறைவு என்ற கேள்வி அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டமோ ஒன்றரைக் கட்டமோ வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்குத்தான் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வருகின்றன.

பக்கத்து வயல் மாமா ஒருவர். உறவுமுறையில் எனக்கு மூத்தவர், நல்ல பண்ணையக்காரர். நான் அட்டையோடு இறங்கிய முதல் பட்டத்தில் வரப்பில் நின்று கேட்டார்.

"ஏம் மாப்ளே, வயலு என்னத்துக்கு இப்பிடி வெளுத்துக் கெடக்குது? ஒரு மூட்டைய வீசியுடு, கருகருன்னு ஏந்திரிச்சுக்கும்."

"அட்டைல நாலு காட்டுதுங்க மாமா. இந்த வாரம் வேண்டாமுங்க."

"ரோட்டுல போறவன் பாத்தா என்ன நெனைப்பான்? உரம் வாங்கக் காசில்லையாட்டன்னு நெனைக்க மாட்டானா?"

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. யூரியா பாதி பயிருக்கு, பாதி ரோட்டில் போகிறவருக்கு. பஸ் போகும் சாலையோர வயல்கள் உள்ளடங்கிய வயல்களைவிடக் கறுப்பாக இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அட்டையோடு போய்ப் பார்க்கும் அளவுக்குத் துணிச்சல் இன்னும் வரவில்லை, யார் வரப்பிலாவது மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு கோணமும் இருக்கிறது, இது மனசு இல்லை, கண்ணின் எந்திரம். பெரிய பச்சைப் பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் பச்சையை உணரும் திறன் அந்த நேரத்துக்கு மழுங்கிவிடும். வயலில் வெகுநேரம் நின்றுவிட்டுச் சட்டென்று வெள்ளை வேட்டியைப் பாருங்கள், இளஞ்சிவப்புச் சாயல் அடிக்கும். பட்டறையில் இதற்காகவே லைட் பாக்ஸின் உள்சுவர் சாம்பல் நிறத்தில் இருக்கும், ஒரு ஷேடுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கண்ணை அந்தச் சாம்பலில் ஆறப்போடுவோம். இங்கே எனக்குச் சாம்பல் சுவர் மோட்டார் ரூம் சிமென்ட் பூச்சு. இலை பார்ப்பதற்கு முன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு இறங்குகிறேன். வாங்கும்போது கொடுக்கும் குறிப்பில் இது இல்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

அட்டைக்கும் பழக்க நோய் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். வாராவாரம் நான்கு, நான்கு என்று எழுதிக்கொண்டு வந்தால், இலையை வைப்பதற்கு முன்பே மனசு நான்கு என்று முடிவு கட்டிவிடும். பட்டறையில் ஒரே ஆர்டரை நாள்கணக்கில் பார்க்கும்போது இதே மாதிரி "பாஸ்" வாயில் தயாராக இருக்கும். அதற்கு நான் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். எண்கள் தெரியாதபடி அட்டை ஓரத்தில் துணி டேப் ஒட்டிவிட்டேன். எந்தக் கட்டம் ஒத்துப்போகிறது என்று விரலை மட்டும் வைப்பேன், வீட்டுக்காரம்மா டேப்பைத் தூக்கிப் பார்த்து நோட்டில் எழுதுவார். கேலி செய்துகொண்டேதான் எழுதுவார், ஆனாலும் எழுதுவார்.

பணக்கணக்கு. இதில் பலர் ஏமாற்றம் அடைவார்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது மூட்டைக்கு 20.7 கிலோ. அட்டையைப் பார்த்து ஏக்கருக்கு 30 கிலோ யூரியாவை ஒரு தவணை தவிர்த்தால் மிச்சம் இருநூறு ரூபாய்கூட இல்லை. இந்த இருநூறுக்காக யாரும் வாராவாரம் சேற்றில் இறங்க மாட்டார்கள், அரசு யூரியாவை இவ்வளவு மலிவாகக் கொடுப்பதன் பக்கவிளைவு இது. மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. பூச்சி மருந்தில் ஒரு தடவை குறைந்தால் அது யூரியாவைவிடப் பெரிய தொகை. பயிர் சாயாமல் நின்றால் அறுவடை இயந்திரம் சீக்கிரம் முடிக்கும், வாடகை மணிக்கணக்கில் என்பதால் அது நேராகக் கையில் நிற்கும் காசு. படுத்த வயலில் அறுத்த நெல்லின் நிறமும் ஈரமும் கொள்முதலில் என்ன பேச்சு வாங்கித் தரும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போட்ட யூரியாவிலும் நெல் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். தண்ணீர் தேங்கிய வயலில் உச்சி வெயிலில் வீசினால், பாசி அந்நேரம் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றி வைத்திருக்கும், அம்மோனியா ஆவியாகப் பறந்துவிடும். காய்ந்தும் நனைந்தும் கிடக்கிற மண்ணில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும், அது கரியமில வாயுவைவிட இருநூற்று எழுபது மடங்குக்கு மேல் சூடேற்றும் சரக்கு. இன்னொரு பகுதி நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நொய்யலில் நாங்கள் விட்ட சாயம் கண்ணுக்குத் தெரிந்தது, ஊரே திரண்டு வழக்குப் போட்டது. நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது. 2015 முதல் யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, நைட்ரேட்டாக மாறுவது கொஞ்சம் நிதானமாகும். எங்க அய்யன் அதற்கு முன்பே ஐந்துக்கு ஒன்று வேப்பம் பிண்ணாக்கு கலந்து ராத்திரி வைத்திருந்து காலையில் வீசுவார். அட்டை சொல்வது எப்போது என்பதை மட்டும். தண்ணீரை வடித்துவிட்டு வீசுவதா, நிறுத்தி வைத்து வீசுவதா என்பதில் நீங்கள் கோட்டை விட்டால் அட்டை ஒன்றும் செய்யாது.

அட்டை ஏமாறும் இடங்கள் சில உண்டு. இளந்தளிர் மட்டும் வெளுத்து அடி இலை பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துக் குறை இல்லை. கந்தகமோ இரும்போ பார்க்க வேண்டும், சுண்ணாம்பு ஓடிய மண்ணில் இரும்புக் குறை சாதாரணம். நட்ட இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இலையில் துரு மாதிரிப் புள்ளி வந்தால் துத்தநாகம். இதற்கெல்லாம் யூரியா வீசினால் பயன் இல்லை. இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த நெல் குட்டையாக, தூர் கட்டாமல், நல்ல கரும்பச்சையாக நிற்கும். அட்டை ஐந்து காட்டும், பயிர் தேறாது. மண் பரிசோதனை செய்து மற்ற சத்துகளைச் சரிப்படுத்திய வயலுக்குத்தான் இந்த அட்டை. பெட்டியிலோ குறிப்பிலோ இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

பார்க்கிற ஆளின் கண்ணும் ஒரு விஷயம். ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை இருக்கும், பலருக்கு அது தெரியவே தெரியாது. பட்டறையில் வேலைக்குச் சேர்க்கும்போது ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் சோதனை வைப்பார்கள், 85 நிற வில்லைகளை வரிசைப்படுத்த வேண்டும். விவசாயிக்கு யாரும் அதை வைப்பதில்லை. உங்களுக்கும் மனைவிக்கும் ஒரே இலையில் ஒன்றரைக் கட்டம் வித்தியாசம் வந்தால், மனைவி சொல்வதை எடுத்துக்கொள்வது உத்தமம். இந்தக் குறை பெண்களுக்கு ரொம்ப அபூர்வம்.

இதற்குப் போட்டியாக என்ன இருக்கிறது? ஸ்பேட் மீட்டர் என்று ஜப்பானில் செய்யும் கருவி, இலையைக் கவ்விப் பிடித்து இரண்டு அலைநீள ஒளியைச் செலுத்தி எண் கொடுக்கும். வெயில், நிழல், சலிப்பு எதுவும் அதைப் பாதிக்காது. விலையைக் கேட்டால் ஒரு கறவை மாட்டை விற்க வேண்டி வரும், தனி விவசாயிக்கு ஆகாது. செல்போன் செயலிகளை நான் நம்பவில்லை, போன் கேமரா பச்சையைத் தன் இஷ்டத்துக்கு மெருகேற்றித்தான் காட்டுகிறது, அதுவும் ரோட்டில் போகிறவர் கட்சி. நானோ யூரியா அட்டைக்கு மாற்று இல்லை, அது உரம். ஆனாலும் அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் ஒரு கணக்கு. முதலில் வந்த அரை லிட்டர் பாட்டிலில் 4 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20 கிராம். ஒரு மூட்டையில் 20.7 கிலோ. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள், வாழை, கரும்பு வைக்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம், கட்டங்கள் நெல்லுக்காக நிறம் பிடித்தவை. கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் இதே மாதிரி அட்டை வைத்து ஆராய்ச்சி நடந்திருக்கிறது, அதற்கு எண் வேறு. பவானிசாகர் பக்கம் மக்காச்சோளம் போடுகிற மச்சினன் என் அட்டையைக் கேட்டான், தரவில்லை.

சில பட்டம் தொடர்ந்து பார்த்ததில் எனக்கு நேர்ந்த மாற்றம் ஒன்று, இதை அட்டையின் சிறப்பாகச் சொல்வதா குறையாகச் சொல்வதா தெரியவில்லை. இப்போது எனக்கு நான்காம் கட்டத்துப் பச்சைதான் பிடிக்கிறது. வெயிலில் ஊடே வெளிச்சம் பாயும் கிளிப்பச்சைக்குக் கொஞ்சம் மேலே. மாமா வயலின் கரும்பச்சை, பாட்டில் கிரீன் போட்டு ஓவர் டை ஆன லாட் மாதிரி கனமாகத் தெரிகிறது. ஸயான்ஸ் சோதனை என்மேலேயே நடந்துவிட்டது போல. மாமாவுக்கு என் வயல் இன்றைக்கும் வெளுப்புதான், ஆனால் போன பட்டத்தில் அவரே வந்து, "அந்த அட்டைய ஒருக்கா குடு, நாத்தங்காலுக்குப் பாக்கறேன்" என்றார். நாற்றங்காலுக்கு அது இல்லை என்று சொல்லிவிட்டு நடவு வயலுக்குக் கொடுத்தேன்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். சட்டைப் பையில், டிராக்டர் முன்பக்கத்தில் போட்டு வைக்காதீர்கள், வெயிலில் கட்டங்கள் வெளுக்கும், முதலில் போவது மஞ்சள் ஓடிய கட்டங்கள். துணி உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். யூரியா கையோடு தொடாதீர்கள், பிசுபிசுப்பு ஏறிப் பளபளப்பு மாறிவிடும். முடிந்தால் இரண்டாக வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்து, வருஷம் ஒரு தடவை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அரைக் கட்டம் விலகியிருந்தால் பழையதைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடலாம்.

ஐந்துக்கு நான்கு. கட்டங்களுக்குக் கீழே உள்ள தமிழ்க் குறிப்பைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத அளவுக்குப் பொடியாக அச்சடித்திருக்கிறார்கள், பாதி மார்க் அதற்குப் போனது. மீதிப் பாதி மணிச்சத்து எச்சரிக்கையை விட்டதற்கு.